தப்பாப் போனா தாங்குமா?

(சங்கரன்கோவிலில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கஷ்டமான நேரத்தில் முடிவெடுக்க நம் அன்றாட அறிவு எப்படிக் கைகொடுக்கும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறேன். நம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் ஒரே ராத்திரியில் நிறையக் காசை வைத்து எடுக்கிற முடிவு எது? தண்ணீருக்குப் போர் போடுவதுதான்.

கிணறு வற்றிவிட்டது. எலுமிச்சை காய்கிறது. நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து, அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துத் தோட்டத்தைச் சுற்றி, தேங்காய் நிமிர்ந்த இடத்தில் கல் ஊன்றியாயிற்று. ராத்திரி போர் போடுகிற திருச்செங்கோட்டு வண்டி வந்து நிற்கிறது. அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. கையில் இருப்பது முந்நூறு அடிக்கான காசு. முந்நூறு அடி போயும் வெறும் புழுதிதான் பறக்கிறது. வண்டிக்காரர் கேட்கிறார்: “அண்ணாச்சி, வண்டியைக் கிளப்பிரட்டுமா? இல்ல, இன்னும் நூறு அடி போட்டுப் பாப்பமா?”

அந்த நேரத்தில் அந்த மனிதர் என்ன பதில் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். நடுச்சாமம். காது அடைக்கிற இரைச்சல். சுற்றி நிற்கிறவர்களில் ஆளுக்கொரு யோசனை. பக்கத்துத் தோட்டத்தில் நானூற்றைம்பதில் தண்ணீர் வந்தது என்கிறார் ஒருவர். “இம்புட்டுப் போட்டுட்டு விடவா முடியும்?” என்கிறார் இன்னொருவர். அந்த ஒரு வார்த்தை போதும். நானூறு, அறுநூறு, எண்ணூறு என்று போய், விடியும்போது மனைவியின் கம்மலும் அடுத்த போகத்துச் செலவும் அந்தக் குழிக்குள் போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த சம்சாரி ஒருவர் இதை வேறு மாதிரி செய்தார். வண்டிக்குச் சொல்லும் முன்பே வீட்டில் மனைவியோடும் தம்பியோடும் உட்கார்ந்து பேசினார். இத்தனை அடி, இத்தனை ரூபாய், அதற்குமேல் ஓரடியும் கிடையாது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் வராவிட்டால் குழியை மூடுகிற செலவையும் தனியாக எடுத்து வைத்தார்கள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னார்: “அந்நேரம் நான் எது சொன்னாலும் கேக்காத. வண்டியைக் கிளப்பி விட்ரு.” தண்ணீர் வரவில்லை. தம்பி வண்டியை அனுப்பிவிட்டார். அண்ணன் அன்றைக்குக் கோபப்பட்டார். ஊரிலும் துணிச்சல் இல்லாத ஆள் என்று பேசினார்கள். அவர் அந்தத் துண்டை மானாவாரியாக்கி உளுந்து போட்டார், நாலு ஆடு வாங்கிக் கட்டினார். நிலம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

குழியை மூடுகிற செலவை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் ஒரு பச்சைக் குழந்தை விழுந்து, நாலு நாள் நாடே பார்த்துக்கொண்டிருக்க, பிழைக்காமல் போனது. குழி போடும்போது காசு இருக்கும், ஆசை இருக்கும். காய்ந்துபோன குழியை மூடத்தான் காசும் இருக்காது, மனசும் இருக்காது. ஆகவே அந்தக் காசை முதலிலேயே ஒதுக்க வேண்டியிருக்கிறது.

போட்ட காசுக்காக மேலும் காசைப் போடுவது படிக்காதவர்களின் பலவீனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கான்கார்ட் என்ற விமானத்தைக் கட்டின. ஒலியைவிட வேகமாகப் பறக்கிற விமானம். போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்த பிறகும், இவ்வளவு செலவழித்துவிட்டு நிறுத்துவதா என்று இரண்டு அரசாங்கங்களும் மேலும் மேலும் கொட்டின. இந்த மனக்கோளாறுக்குக் கான்கார்ட் பிழை என்றே அறிஞர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்தின் பெரிய அதிகாரிகளுக்கு வராத தெளிவு நம் சம்சாரியின் தம்பிக்கு வந்தது எப்படி? அண்ணனைவிட அவர் புத்திசாலி என்பதால் இல்லை. முடிவு நடுச்சாமத்தில் எடுத்ததல்ல, முன்னாடியே எடுத்தது. அவ்வளவுதான்.

நான் இன்று சொல்ல வந்த விஷயம் இதுதான். மழை வருமா, தண்ணீர் இருக்குமா, வேலை கிடைக்குமா, மாப்பிள்ளை நல்லவனா என்று முன்கூட்டித் தெரிந்து முடிவெடுக்கிற பாக்கியம் நமக்கு இல்லை. யாருக்குமே இல்லை. தெரியாமல்தான் முடிவெடுக்கிறோம். அப்படியென்றால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, ‘இது சரியாக வருமா’ என்பது அல்ல. ‘தப்பாப் போனா தாங்குமா?’ என்பது. கரிசலில் பிறந்த நம் பாட்டன் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாக இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வெயிலில் பிழைத்துக் கிடந்தார்கள்.

பழமொழி நிறையத் தெரிந்துவிட்டால் விவரம் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்கிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே ஊர், ஒரே வாய். எந்த நேரத்துக்கு எது என்பதைப் பழமொழி சொல்லாது, ஆள்தான் சொல்ல வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதைவிடப் பேர்போன விவசாயப் பழமொழி இல்லை. ஆனால் ஆடியில் நம் கரிசலில் என்ன இருக்கிறது? காற்றுதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை தடுத்துக்கொள்கிறது. அடிவாரத்தில் கொஞ்சம் சாரல் விழலாம், கிழக்கே வர வர அதுவும் இல்லை. நம் மானாவாரிக்கு உயிர் கொடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழை. ஆகவே கரிசல் சம்சாரி ஆடிப் பழமொழியை மரியாதையாகக் கேட்டுவிட்டு, புரட்டாசியில் விதைக்கிறார். திருக்குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அடுத்தது வலியறிதல், அதற்கடுத்து காலமறிதல், அதற்கும் அடுத்து இடனறிதல். பட்டத்தைத் தள்ளிவைத்த சம்சாரி அந்தக் கடைசி இரண்டையும் படித்தாரோ இல்லையோ, செய்துகாட்டினார்.

புரட்டாசி விதைப்பிலும் ஒரு சூதானம் இருக்கிறது. மழை விழுந்து மண் சேறான பிறகு கரிசலுக்குள் கால் வைக்க முடியாது. மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகப் போட்டுவிடுவார்கள். மழை சரியாக வந்தால் ஒரு துளிகூட வீணாகாமல் பயிர் எழும்பும். இடையில் ஒரே ஒரு பாட்டம் பெய்துவிட்டு நின்றுபோனால் முளைத்த அத்தனையும் கருகிவிடும். துணிச்சலான முடிவுதான். அதனால்தான் வீட்டில் இருக்கிற விதை முழுவதையும் கொண்டுபோய்க் கொட்ட மாட்டார்கள். மறு விதைப்புக்கென்று ஒரு பங்கு குலுக்கைக்குள் இருக்கும். பிள்ளைகள் பசியென்று அழுதாலும் அதில் கை வைக்காத தாய்மார்கள் இருந்தார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிறோமே, 1876இல் தொடங்கியது, அந்த மாதிரிக் காலங்களைத் தாண்டிய குடும்பங்களுக்கு விதைத் தானியம் என்பது என்னவென்று தெரியும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் இன்று மானாவாரிக்குச் சொல்கிற முன்பருவ விதைப்பு, விதையைக் கடினப்படுத்துவது எல்லாம் இந்தப் பழைய புழுதி விதைப்பின் மேல் ஏறி நிற்கிற அறிவியல்தான்.

அப்புறம் கலப்பு விதைப்பு. பருத்திக்கு நடுவில் உளுந்து, சோளத்தோடு துவரை, ஓரத்தில் தட்டாம்பயறு. மழை தூக்கலாக இருந்தால் ஒன்று கெடும், மற்றொன்று நிற்கும். மழை குறைந்தால் அது மாறி நடக்கும். எல்லாமே அமோகமாக விளைகிற வருஷத்தில், ஒரே பயிர் போட்டவன் நம்மைவிட அதிகம் சம்பாதிப்பான். அதைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்கத்தான் மனசைப் பழக்க வேண்டும். 2018இல் படைப்புழு வந்ததே, நினைவிருக்கிறதா? அமெரிக்கக் கண்டத்துப் புழு, அந்த வருஷம்தான் இந்தியாவுக்குள் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் மட்டுமே போட்டிருந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று.

ஹாரி மார்க்கோவிட்ஸ் என்று ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர். பணத்தை எப்படிப் பல இடங்களில் பிரித்துப் போட்டால் நஷ்டம் குறையும் என்று 1952இல் கணக்கு எழுதினார். அதற்காக 1990இல் நோபல் பரிசு வாங்கினார். அவரிடம், உங்கள் ஓய்வுகாலப் பணத்தை எப்படிப் பிரித்துப் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தன் கணிதம் எதையும் அவர் அதற்குப் பயன்படுத்தவில்லை. பாதியைப் பங்குகளிலும் பாதியைக் கடன் பத்திரங்களிலும் போட்டுவிட்டார். பின்னால் எது நடந்தாலும் மனசு வருந்தக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். சோளத்தோடு துவரை தூவிய நம் பாட்டியும் அதையேதான் செய்தாள். அவளை நோபல் பரிசுக்காரரோடு சேர்த்துப் பேசுவது உயர்வுநவிற்சி இல்லை. மனமறிந்துதான் சொல்கிறேன்.

இந்த ஞானத்துக்கெல்லாம் எழுத்தில் ஓர் இடம் தேடிக் கொடுத்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட சம்சாரி. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. சம்சாரிகளின் பேச்சுக்குள் படிக்க வேண்டியது இருக்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது நமக்குச் சின்னப் பெருமை இல்லை.

இப்போது ஒரு கடினமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நம் கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண் எப்பேர்ப்பட்ட பிரசாதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் நெற்றியில் இட்டுக்கொள்கிறவன்தான். விஷக்கடிக்கும் அந்த மண் ஆகும் என்பது தலைமுறைகளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் பாம்பு கடித்த ராத்திரியில் எதை முதலில் செய்வது என்ற முடிவு இருக்கிறதே, அதைத் தப்பாக எடுத்தால் தாங்காது. இன்றைக்கு நான் சொல்கிற கேள்விக்கு, ‘தாங்காது’ என்று ஒரே சொல்லில் பதில் வருகிற இடம் இது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நம் பக்கத்தில் பயப்பட வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியன் ராத்திரி வரும். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலிக்காது, வீங்காது, கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்பார்கள், கண் இமை சொருகும். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். விடிவதற்குள் மூச்சு நின்றுவிடும்.

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றுங்கள். கடிபட்டவரை ஓடவும் நடக்கவும் விடாமல், கையையோ காலையோ அசைக்காமல், 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் பிடித்து அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாட்டன் பூட்டன் காலத்து அறிவு ஊசிக்குள் போய் உயிர் காக்கிறது. பாம்பைக் கும்பிடுகிற இந்த ஊரில் இருளர் மக்களையும் நினைத்துக் கும்பிட வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே உங்கள் வீட்டில் இன்று ராத்திரியே பேசி வையுங்கள். யாரையாவது பாம்பு கடித்தால் யார் வண்டி எடுப்பது, எந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் போன். மண் நெற்றியில் இருக்கட்டும், ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். குணமாகி வந்து அம்மனுக்கு வெள்ளியில் பாம்பு வாங்கிப் போடுங்கள். இதைக் கடிபட்ட நேரத்தில் கூடி நின்று விவாதித்தால், ஊரில் அதிகம் சத்தம் போடுகிறவர் சொல்வதுதான் நடக்கும்.

அவசரமில்லாத முடிவுகளுக்கு வேறு வழி. “ராத்திரி யோசிச்சு வெள்ளனச் சொல்லுதேன்” என்று நம் ஆட்கள் சொல்வார்கள். 1772இல் அமெரிக்கப் பெரியவர் பெஞ்சமின் பிராங்க்ளின், வேலை மாறலாமா வேண்டாமா என்று தவித்த தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எப்படி எடுப்பது என்று சொல்கிறேன் என்ற அர்த்தத்தில் அந்தக் கடிதம் போகிறது. தாளின் நடுவில் கோடு போடு, ஒரு பக்கம் ஆதரவான காரணங்கள், மறுபக்கம் எதிரான காரணங்கள், மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது, சமமானவற்றை அடித்துக்கொண்டே வா என்கிறார். இதில் எனக்குப் பிடித்தது கோடு இல்லை, அந்த மூன்று நான்கு நாள்தான். ஒரே மூச்சில் யோசித்தால் அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறோமோ அந்தப் பக்கத்துக் காரணங்கள் மட்டும்தான் வரும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான். ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர், 1978இல் நோபல் பரிசு வாங்கியவர், மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடி முடிவெடுப்பதில்லை, போதும் என்று படுவதைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்று சொன்னார். பிள்ளைக்குக் கல்லூரி தேடுகிற பெற்றோருக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. மூன்று விஷயம் எழுதி வையுங்கள், மூன்றும் இருக்கிற முதல் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இதுவரை பேசியதைக் கேட்டால், தாங்குமா தாங்குமா என்று கேட்டுக்கொண்டே மனிதன் கோழையாகிவிட மாட்டானா என்று ஒரு சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் சொல்ல நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம் கோயிலுக்குள்ளேயே ஓர் அறைக்கு நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் பெயர் இருக்கிறது.

1755இல் கர்னல் ஹெரோன் தலைமையில் கும்பினிப் படையும், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கத் திருநெல்வேலிச் சீமைக்குள் வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் பீரங்கியோடு நின்று 20,000 ரூபாய் கேட்டார் ஹெரோன். பூலித்தேவர் மறுத்துவிட்டார். கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். வெறும் வீறாப்பில் வந்த மறுப்பு அல்ல அது. எதிரே நிற்கிற படையின் கையிருப்பு குறைந்துகொண்டிருக்கிறது, அதிக நாள் இங்கே தங்க முடியாது என்பது கோட்டைக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. ஹெரோன் வெறுங்கையோடு திரும்பினார். தன் பலம் எவ்வளவு என்று பார்ப்பதில் நாம் பாதியில் நின்றுவிடுகிறோம், எதிரியின் பலவீனத்தைப் பார்ப்பதில்லை. கடன்காரரோ மேலதிகாரியோ மிரட்டும்போது ஒரு நிமிஷம் நிதானித்து, இவருக்கு என்ன அவசரம், இவருக்கு எது இல்லை என்று பார்த்தால் பாதி பயம் தெளிந்துவிடும்.

கதை அதோடு முடியவில்லை. 1761இல் கும்பினிப் படைத்தளபதி யூசுப்கான் வந்து நெற்கட்டும்செவலைப் பிடித்துக்கொண்டார். அதன் பின்னும் பூலித்தேவர் ஓயவில்லை. 1767இல் பிடிபட்டு இந்தக் கோயிலுக்கு வந்து சாமி கும்பிட்டபோது சோதியாகி மறைந்தார் என்பது இந்தச் சீமையின் நம்பிக்கை. கடைசியில் தோற்றார் என்பதற்காக 1755இல் எடுத்த முடிவு தப்பாகிவிடுமா? ஆகாது. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்து எடுத்த சரியான முடிவு அது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைத் திட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. “அன்னைக்கே நான் சொன்னேன்ல” என்கிற வார்த்தையால் எத்தனை குடும்பத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோயிருக்கிறது! மழை பொய்த்ததற்கு விதைத்தவன் பொறுப்பில்லை. விதையெல்லாம் கொட்டியதற்குத்தான் பொறுப்பு.

முடிவெடுக்கவே தேவையில்லாத கேள்விகளும் இருக்கின்றன. நம் ஊரின் தலபுராணமே அதுதான். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். இரண்டு நாக அரசர்களும் யார் சாமி பெரிய சாமி என்று வழக்காடி அம்மனிடம் வந்தார்கள். அம்மன் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புன்னை வனத்தில் தவமிருந்தாள். சிவனும் திருமாலும் ஒரே உடலில் சங்கரநாராயணராக வந்து நின்றார்கள். ஆடித்தபசன்று அந்தக் காட்சிக்காக எத்தனை ஊர் சனம் கூடுகிறது, விளைந்த பருத்தியையும் வத்தலையும் பயறையும் எப்படி அள்ளி வீசுகிறார்கள் என்று நீங்கள் வருஷா வருஷம் பார்க்கிறீர்கள். அண்ணன் பக்கமா தம்பி பக்கமா, தாய் பக்கமா பெண்டாட்டி பக்கமா என்று யாராவது உங்களை ஒரு பக்கம் தள்ளும்போது, தள்ளுகிற கேள்வியே சரியா என்று பாருங்கள். வயசான அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை வருகிறது. ‘யார்’ என்பதை விட்டுவிட்டு, அவருக்கு மருந்துக்கு என்ன வேண்டும், பேச்சுத்துணைக்கு என்ன வேண்டும், அவருக்கு எந்த வீட்டுத் திண்ணை பிடிக்கும் என்று கேட்டால், இரண்டு வீட்டுக்கும் செய்ய வேலை இருக்கும்.

கடைசியாக ஒன்று. நம் அன்றாட அறிவில் விஷமும் கலந்திருக்கிறது. பெண்களைப் பற்றியும் சாதிகளைப் பற்றியும் நாம் சொல்லிக்கொண்டு திரிகிற பழமொழிகளில் பலவற்றை இந்த மேடையில் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ‘நாலு பேரு என்ன சொல்லுவாக’ என்ற ஒரு வாக்கியத்துக்குப் பயந்து எடுத்த முடிவுகளால் இந்த மண்ணில் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை கருகியிருக்கிறது. நாலு பேரைக் கேட்பது நல்லது. கேட்க வேண்டிய நாலு பேர் யார் என்பதில்தான் நாம் தவறுகிறோம். முடிவு தப்பாகப் போனால் யார் தலையில் விடியுமோ, அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தறிக்கூடத்துக் குடும்பங்களில் குழுக்கடன் வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடுவது பெண். வாரா வாரம் தவணைக்கு அலைவதும் அவள்தான். வாசலில் வந்து சத்தம் போட்டால் கேட்டுக்கொண்டு நிற்பவளும் அவள்தான். கடன் வசூலில் நடக்கிற கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச்சட்டமே கொண்டுவரும்படி ஆயிற்று. ஆனால் அந்தப் பணம் எதற்கு, எவ்வளவு, எத்தனை வாரம் என்று முடிவு செய்தபோது அவளைக் கேட்டார்களா? பல வீடுகளில் கேட்பதில்லை. தாங்கப்போகிறவளைக் கேட்காமல், தாங்குமா என்று எப்படித் தெரியும்?

பன்னிரண்டாவது முடித்த பெண்பிள்ளையை மேலே படிக்கவைப்பதா, நல்ல இடம் வந்திருக்கிறதே, கட்டிக்கொடுத்துவிடுவதா என்ற பேச்சு இந்தக் கூட்டத்தில் இருக்கிற சில வீடுகளிலாவது இப்போது நடந்துகொண்டிருக்கும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் படிக்க மாசம் 1,000 ரூபாய் வருகிறது, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். பஸ் சார்ஜுக்குக் கவலையில்லை, சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. படிப்பு ஒத்துவராவிட்டால் ஒரு வருஷம் கழித்தும் கல்யாணம் பேசலாம். கல்யாணம் ஒத்துவராவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே திரும்பிவருவாள், என்ன வேலைக்குப் போவாள் என்று யோசித்துப் பாருங்கள். மாமாவைக் கேட்டிருப்பீர்கள், சித்தப்பாவைக் கேட்டிருப்பீர்கள், ஜோசியரைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, “நீ என்னம்மா நினைக்க?” என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருங்கள்.